ஆஸ்பத்திரிக்கு முதலாளி யார்?



நம்மில் பெரும்பாலோர் வியாபாரிகள். ஒரு கடைக்குள் நுழைந்த மாத்திரத்தில் சரக்கு அடுக்கியிருக்கும் விதத்தையும், தராசையும், கல்லாவில் உட்கார்ந்திருப்பவரையும் பார்த்து, இது யார் கடை, எப்படி நடக்கிறது என்பதைப் பாதி தெரிந்துகொள்வோம். ஆனால் நாமோ நம் வீட்டாரோ நோயுற்று ஓர் ஆஸ்பத்திரிக்குள் நுழையும்போது மட்டும் இந்த வியாபாரக் கண் மூடிக்கொள்கிறது. இது யாருடைய ஆஸ்பத்திரி, இதன் லாபம் யாருக்குப் போகிறது, நஷ்டம் வந்தால் யார் தாங்குகிறார் என்று நாம் கேட்பதில்லை. கேட்கும் நிலையிலும் அப்போது நாம் இருப்பதில்லை.

நான் மதரஸாவிலும் தொடக்கப்பள்ளியிலும் படித்ததோடு கடைக்கு வந்துவிட்டவன். வைத்திய சாஸ்திரம் அறியேன். எனக்குத் தெரிந்தது பேரேடும் பற்று வரவும்தான். ஆகவே இந்தப் பாடத்தில் மருந்தைப் பற்றி ஒன்றும் சொல்லப்போவதில்லை. கணக்கைப் பற்றியே சொல்லப்போகிறேன். மும்பை நகரில் ஊர் மக்களே பங்கு போட்டு நடத்தும் ஒரு கூட்டுறவு ஆஸ்பத்திரி இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு, பலர் சேர்ந்து ஒரு ஸ்தாபனத்துக்குச் சொந்தக்காரர் ஆவது எப்படி, அந்தச் சொந்தம் நிலைப்பது எதனால் என்பதைப் படிப்போம்.

இக்கேள்வி எழுந்த விதம்

என் மச்சான் ஒருவர் மும்பை தாராவியில் தோல் பை வியாபாரம் செய்துவந்தார். கடையநல்லூர்ப் பக்கத்திலிருந்து சிறு வயதில் பிழைப்புக்குப் போனவர். 2015ஆம் வருஷம் ஓர் இரவு நெஞ்சு வலி கண்டது. அருகிலிருந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். அதன் பெயர் நமக்கு வேண்டாம். முன்பணம் கட்டிய பிறகே உள்ளே எடுத்தார்கள். இருதயத்துக்குப் போகும் இரத்தக் குழாயில் அடைப்பு என்று சொல்லி, ஸ்டென்ட் என்னும் சிறு வலைக்குழாய் இரண்டு வைத்தார்கள். உயிர் பிழைத்தார். ஆனால் பில் வந்தபோது, அந்த இரண்டு குழாய்களின் விலை மட்டுமே அவருடைய பல மாதத்து வருமானத்தை விழுங்கிவிட்டது. கடன் வாங்கிக் கட்டினார். ஒரு வருஷத்துக்குள் கடை கைமாறிவிட்டது. இன்று வேறொருவர் கடையில் கணக்கு எழுதுகிறார்.

டெலிபோனில் அவர் சொன்னது என் நெஞ்சை விட்டுப் போகவில்லை. "மச்சான், நம்ம கடையிலே ஒரு பைக்குப் பத்து ரூபாய் கூடச் சொன்னா, ஆள் அடுத்த கடைக்குப் போயிடுவான். நான் நெஞ்சைப் பிடிச்சிக்கிட்டு எந்தக் கடைக்குப் போறது?"

இது ஒரு வியாபாரி கேட்ட கேள்வி. நம் தொழிலின் அடிப்படையே இதில் இருக்கிறது. பேரம் பேசவும் அடுத்த கடைக்குப் போகவும் வாங்குபவனுக்கு உரிமை இருப்பதால்தான் விலை நியாயமாக நிற்கிறது. நோயாளிக்கு அவ்வுரிமை இல்லை. சரக்கு எது, எவ்வளவு வேண்டும், என்ன விலை என்ற மூன்றையும் விற்பவரே முடிவு செய்கிறார். டாக்டர் நல்லவராக இருந்தால் பிழைத்தோம். ஆனால் எல்லாரும் நல்லவராக இருப்பார் என்று நம்பி எந்த வியாபாரியும் கணக்கெழுதாமல் இருப்பதில்லை.

இது வெறும் மனக்குறையன்று என்பதற்கு ஓர் அத்தாட்சி உண்டு. 2017 பிப்ரவரியில் இந்திய அரசின் மருந்து விலை நிர்ணய ஆணையம் ஸ்டென்டுக்கு உச்ச விலை வைத்தது. அதற்கு முன் மருந்து பூசிய ஸ்டென்டின் மேல் அச்சிட்ட விலை சராசரியாக 1,21,400 ரூபாய். ஆணையம் வைத்த விலை 29,600 ரூபாய். மருந்து பூசாத சாதாரணக் குழாயின் சராசரி விலை 45,100. வைத்த விலை 7,260. ஒரே சரக்கு, ஒரே நாள் இரவில் நாலில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிற்று. என் மச்சானுக்கு அது இரண்டு வருஷம் பிந்திவிட்டது.

ஆகவே, பேரம் பேச முடியாத சந்தையில் வாங்குபவனைக் காக்க இரண்டே வழிகள் உண்டு. ஒன்று, அரசு விலையைக் கட்டுவது. மற்றொன்று, வாங்குபவனே கடைக்குச் சொந்தக்காரன் ஆவது. கூட்டுறவு என்பது இந்த இரண்டாம் வழி.

மூன்று வகையும் நான்காவது வகையும்

மும்பையில் நடுத்தர மக்கள் அறிந்த ஆஸ்பத்திரிகள் மூன்று வகை. முதலாவது, அரசும் மாநகராட்சியும் நடத்துபவை. பரேலில் 1926ல் திறந்த கே.ஈ.எம். ஆஸ்பத்திரி இவ்வகை. ஏழைக்கு இதுவே அடைக்கலம். கூட்டமும் அதற்கேற்ப இருக்கும்.

இரண்டாவது, தர்மவான்கள் ஏற்படுத்தியவை. ஜம்ஷெட்ஜி ஜீஜீபாய் என்ற பார்சி வியாபாரி பெருந்தொகை கொடுத்து உண்டான ஜே.ஜே. ஆஸ்பத்திரி 1845ல் திறந்தது. சிங்கப்பூரிலும் இதே காலத்தில், 1844ல், டான் டோக் செங் என்ற சீன வியாபாரி கொடுத்த பணத்தில் ஓர் ஆஸ்பத்திரிக்கு அஸ்திவாரம் போட்டார்கள். அது இன்றும் அவர் பெயரோடு நிற்கிறது. வியாபாரிகள் ஊருக்குச் செய்த நன்மையில் இவை பெருமைக்குரியவை. ஆயினும் தர்மத்தில் கொடுப்பவர் ஒருவர், பெறுபவர் பலர். பெறுபவன் கணக்குக் கேட்க முடியாது. கேட்டால் மரியாதையும் இல்லை. ஜே.ஜே. இன்று அரசாங்க ஆஸ்பத்திரியாக இருக்கிறது.

மூன்றாவது, லாபத்துக்காக நடக்கும் தனியார் ஆஸ்பத்திரிகள். முதல் போட்டவர் லாபம் எதிர்பார்ப்பது குற்றமன்று. நாமும் அதைத்தான் செய்கிறோம். ஆனால் முதலாளிக்கு வேண்டியது படுக்கை நிறைவது. நோயாளிக்கு வேண்டியது சீக்கிரம் வீடு போவது. இருவர் நலனும் எதிரெதிராக நிற்கின்றன.

நான்காவது வகையில், கல்லாவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிற்பவர் ஒரே மனிதர். ஊரார் ஆயிரக்கணக்கில் சிறு பங்கு போடுகிறார்கள். டாக்டர்களும் அதில் அங்கத்தினர் ஆகலாம். அவர்களே நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நோய் வந்தால் அவர்களே அங்கே படுக்கிறார்கள்.

மளிகைக் கடையில் பிறந்த முறை

இந்தக் கூட்டுறவு முறை ஆஸ்பத்திரியில் பிறந்ததன்று. நம்மைப் போன்ற மளிகைக் கடையில் பிறந்தது. இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் ஊரில் 28 தொழிலாளிகள், அவர்களில் பலர் நெசவாளிகள், தலைக்கு ஒரு பவுன் சேர்த்து 1844 டிசம்பர் 21ந் தேதி ஒரு சிறு கடை திறந்தார்கள். வெண்ணெய், சர்க்கரை, மாவு, ஓட்ஸ், மெழுகுவர்த்தி ஆகியவையே சரக்கு. அக்காலத்தில் மாவில் கலப்படம், எடையில் மோசம், கடன் பற்றில் ஏழையைக் கட்டிப்போடுதல் ஆகியவை சகஜம். அவர்கள் வைத்த விதிகளோ எளியவை. கலப்படமற்ற சரக்கு, சரியான எடை, ரொக்க வியாபாரம், பங்கு எத்தனை இருந்தாலும் ஆளுக்கு ஒரே ஓட்டு, மிச்சத்தை வாங்கியவர்களுக்கே திருப்பித் தருதல்.

இந்த விதிகள்தாம் பிறகு உலகெங்கும் பரவின. இந்தியாவில் 1904ல் முதல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. 1912ல் வந்த சட்டம் கடன் அல்லாத மற்றக் காரியங்களுக்கும் சங்கம் வைக்க இடம் தந்தது. மலேசியத் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது 1960ல் துன் சம்பந்தன் ஏற்படுத்திய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நம்மில் பலர் அறிவோம். தொழிலாளிகள் மாதத் தவணையில் பங்குப்பணம் கட்டி, தாங்கள் கூலிக்கு உழைத்த தோட்டங்களையே வாங்கினார்கள். தோட்டத்துக்குப் பொருந்தியது ஆஸ்பத்திரிக்கும் பொருந்துமா என்றால், பொருந்தும் என்று தாதர் காட்டியது.

தாதரில் உண்டான ஆஸ்பத்திரி

தாதர் என்பது மும்பை நகரின் நடுவில், இரண்டு ரயில் பாதைகள் சந்திக்கும் இடம். அங்கே சிவாஜி பார்க் மைதானத்தின் அருகே, குமாஸ்தாக்களும் ஆசிரியர்களும் சிறு வியாபாரிகளும் நெருங்கி வாழும் பகுதி. 1960களில் டாக்டர் வி.எஸ். ரணதிவே என்பவர் முன்னின்று, டாக்டர்களையும் ஊராரையும் சேர்த்து, ரானடே சாலையில் ஓர் ஆஸ்பத்திரியைக் கூட்டுறவு முறையில் ஏற்படுத்தினார். அதன் பெயர் 'சுச்ரூஷா சிட்டிசன்ஸ் கோ-ஆபரேட்டிவ் ஹாஸ்பிடல்'. இந்தியாவின் முதற் கூட்டுறவு ஆஸ்பத்திரி என்று அதைச் சொல்கிறார்கள். அரை நூற்றாண்டைக் கடந்து நடந்துவருகிறது. பிற்காலத்தில் நகரின் கிழக்குப் புறமான விக்ரோலியிலும் ஓர் ஆஸ்பத்திரி கட்டினார்கள்.

என் மச்சான் இதைப் பிறகுதான் கேள்விப்பட்டார். "இருபது வருஷமா அந்தத் தெரு வழியாத்தான் சரக்கு கொண்டு போனேன், மச்சான். அது ஊர்க்காரங்க பங்கு போட்ட ஆஸ்பத்திரின்னு எனக்குத் தெரியாது" என்றார். அங்கே போயிருந்தால் செலவு இத்தனை குறைந்திருக்கும் என்று நான் கணக்குச் சொல்ல வரவில்லை. ஓர் ஊரில் இப்படி ஒரு வழி இருப்பதே வியாபாரிக்குத் தெரியாமல் போகிறதே என்பதுதான் என் வருத்தம்.

அந்தப் பெயரைக் கவனியுங்கள். 'சிசுருஷை' என்று நம் முன்னோர் தமிழிலும் எழுதுவார்கள். நோயாளிக்குப் பணிவிடை செய்தல் என்று பொருள். இது வடமொழிச் சொல். கேட்டல் என்னும் வினையிலிருந்து வந்தது. மூலப் பொருள் 'கேட்க விரும்புதல்' என்பதாம். பிறர் சொல்வதைக் கேட்க விரும்புகிறவனே பணிவிடை செய்யமுடியும் என்பதால் அப்பொருள் வந்திருக்கிறது. இந்தப் பாடம் முழுவதற்கும் இச்சொல்லை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

வெறும் நல்லெண்ணத்தை நம்பிப் பலருடைய பணத்தை ஓரிடத்தில் வைக்க முடியாது. ஆகவே சட்டம் வேலி போட்டிருக்கிறது. மகாராஷ்டிர மாநிலத்தில் 1960ஆம் வருஷத்துக் கூட்டுறவுச் சங்கச் சட்டம் இருக்கிறது. அதில் நாம் தெரிந்துகொள்ள வேண்டியவை ஐந்து.

1. ஓர் அங்கத்தினருக்கு ஓர் ஓட்டு. ஒரு பங்கு வைத்திருப்பவருக்கும் நூறு பங்கு வைத்திருப்பவருக்கும் ஒன்றே. கம்பெனியில் பணம் ஓட்டுப் போடுகிறது. சங்கத்தில் மனிதன் ஓட்டுப் போடுகிறான்.

2. தனி ஒருவர் மொத்தப் பங்கு மூலதனத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வைத்திருக்கக்கூடாது. பணக்காரர் ஒருவர் வந்து சங்கத்தை மடியில் கட்டிக்கொள்ள முடியாது.

3. நிகர லாபத்தில் நாலில் ஒரு பங்காவது வருஷந்தோறும் காப்பு நிதியில் சேரவேண்டும்.

4. லாப ஈவு நூற்றுக்குப் பதினைந்துக்கு மேல் கொடுப்பதானால் பதிவாளரின் முன் அனுமதி வேண்டும்.

5. வருஷந்தோறும் கணக்குத் தணிக்கை நடக்கவேண்டும். மகாசபை கூட்டி அங்கத்தினர் முன் கணக்கை வைக்கவேண்டும்.

ஓர் உதாரணக் கணக்கு

இந்த விதிகள் எப்படி வேலை செய்கின்றன என்பதைக் கணக்குப் போட்டால்தான் நமக்குப் புரியும். கீழே தருவது எந்த ஆஸ்பத்திரியின் கணக்குமன்று. பாடத்துக்காக நான் போட்ட கணக்கு.

பத்தாயிரம் பேர் ஆளுக்கு 1,000 ரூபாய் பங்கு போட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். மூலதனம் ஒரு கோடி. வருஷ முடிவில் எல்லாச் செலவும் போக 40 லட்சம் மிச்சம். இதில் நாலில் ஒரு பங்கு, அதாவது 10 லட்சம், காப்பு நிதிக்குப் போகிறது. லாப ஈவு பதினைந்து சதவீதமே கொடுத்தாலும் 15 லட்சம். மீதி 15 லட்சம் இருக்கிறது. அதில் ஒரு புது எக்ஸ்ரே இயந்திரத்துக்கு ஒதுக்கலாம்; கட்ட முடியாத நோயாளிக்குச் சலுகை தரலாம்; படுக்கைக் கட்டணத்தைக் குறைக்கலாம். எதைச் செய்வது என்று மகாசபை சொல்லவேண்டும்.

இப்போது அங்கத்தினர் கையில் வருவது எவ்வளவு? ஆயிரம் ரூபாய்ப் பங்குக்கு அதிகம் போனால் 150 ரூபாய். இருபது பங்கு வைத்திருப்பவருக்கு 3,000 ரூபாய். ஓட்டு மட்டும் அவருக்கும் ஒன்றுதான். 150 ரூபாய்க்காக ஆஸ்பத்திரியில் பங்கு வாங்குகிறவன் வியாபாரி அல்லன். இந்தப் பங்கு லாபம் தரும் பங்கன்று. சமயத்தில் நியாயமான படுக்கை தரும் பங்கு.

இன்னொன்றையும் யோசியுங்கள். அந்த 40 லட்சம் எங்கிருந்து வந்தது? நோயாளிகளின் பில்லிலிருந்து வந்தது. ஈவை ஏற்றச் சொல்லி மகாசபையில் சத்தம் போடும் அங்கத்தினர், நோயாளியின் பில்லை ஏற்றச் சொல்கிறார். அடுத்த வருஷம் அந்த நோயாளி அவராகவே இருக்கலாம்.

மூலதனம் ஒரு கோடி என்றேனே, ஒரு கோடியில் ஒரு நகரத்து ஆஸ்பத்திரி கட்ட முடியுமா? முடியாது. மீதிக்குக் கடன் வேண்டும், நன்கொடை வேண்டும், வருஷா வருஷம் சேரும் காப்பு நிதி வேண்டும். ஆகையால்தான் கூட்டுறவு ஆஸ்பத்திரிகள் மெள்ள வளர்கின்றன. 2020 அக்டோபரில் இந்தியாவின் தேசியக் கூட்டுறவு அபிவிருத்திக் கழகம், இத்தகைய ஆஸ்பத்திரிகளுக்குக் கடன் கொடுக்கப் பத்தாயிரம் கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றை அறிவித்தது. அப்போது நாடு முழுவதிலும் சுமார் 52 கூட்டுறவு ஆஸ்பத்திரிகளும், அவற்றில் 5,000க்கு மேற்பட்ட படுக்கைகளும் இருந்ததாகச் சொல்லப்பட்டது. சராசரி ஆஸ்பத்திரிக்கு நூறு படுக்கை. அத்தனை பெரிய நாட்டுக்கு இது கைப்பிடி அளவே. கேரளத்தில் கோழிக்கோடு, கண்ணூர், கொல்லம், பெரிந்தல்மண்ணை முதலிய ஊர்களில் இவ்வகை ஆஸ்பத்திரிகளைக் காணலாம்.

கூட்டுறவு ஆஸ்பத்திரி செய்யாதது

பங்கு போட்டால் வைத்தியம் இலவசம் என்று எண்ணிவிடக்கூடாது. அங்கத்தினரும் பில் கட்டத்தான் வேண்டும். டாக்டருக்கும் தாதிக்கும் சம்பளம், மருந்து, மின்சாரம் எல்லாம் கூட்டுறவென்று சொல்வதால் மலிவாகக் கிடைப்பதில்லை. கூட்டுறவு நீக்கக்கூடியது முதலாளியின் மித லாபத்துக்கு மேற்பட்ட பங்கும், தேவையற்ற சோதனையும், மறைவான தரகுமே.

தரகு என்றேன். நம் தொழிலில் தரகு வெளிப்படையானது. இருவருக்கும் தெரிந்து வாங்குவது. ஆனால் நோயாளியை அனுப்பிவைத்ததற்காக ஒரு டாக்டருக்கு ஆஸ்பத்திரியோ சோதனைக் கூடமோ நோயாளிக்குத் தெரியாமல் பணம் கொடுத்தால், அப்பணம் நோயாளியின் பில்லில்தான் ஏறும். இந்தப் பழக்கத்தைத் தடுக்க 2017ல் மகாராஷ்டிர அரசு ஒரு மசோதாவே தயாரித்தது என்றால் வியாதி எவ்வளவு பரவியிருந்தது என்று ஊகித்துக்கொள்ளலாம். ஆஸ்பத்திரி நோயாளிகளுக்கே சொந்தமானால், 'இத்தரகு யாருக்குக் கொடுத்தீர்கள்?' என்று கேட்க உரிமையுள்ளவர் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள்.

பில்லையே பலர் பகிர்ந்துகொள்வது வேறு ஏற்பாடு. அதற்குக் கர்நாடக மாநிலத்தின் யஷஸ்வினி திட்டம் நல்ல உதாரணம். 2003ல் நடைமுறைக்கு வந்த அத்திட்டத்தில், கூட்டுறவுச் சங்கங்களில் இருந்த விவசாயிகள் தலைக்கு மாதம் 5 ரூபாய், வருஷத்துக்கு 60 ரூபாய் கட்டினார்கள். அறுவைச் சிகிச்சைச் செலவைத் திட்டம் ஏற்றது. ஆஸ்பத்திரியைச் சொந்தமாக்குவது ஒரு வேலை. செலவைப் பகிர்வது மற்றொரு வேலை. இரண்டையும் குழப்பிக்கொண்டவர்கள், 'பங்கு போட்டேனே, பில் ஏன்?' என்று சண்டைக்குப் போவார்கள்.

வேலி மேய்ந்த கதைகள்

இதுவரை படித்தவர்கள், 'ஆகா, கூட்டுறவு என்று பெயர் வைத்தால் போதும்' என்று எண்ணலாம். போதாது. தாதர் இருக்கும் அதே மும்பையில் பஞ்சாப் அண்டு மகாராஷ்டிரா கோ-ஆபரேட்டிவ் பாங்கு என்று ஒன்று இருந்தது. அதுவும் கூட்டுறவு, அதற்கும் மகாசபையும் தணிக்கையும் இருந்தன. கொடுத்த கடனில் பெரும்பகுதியை ஒரே கட்டடக் கம்பெனிக் கூட்டத்துக்குக் கொடுத்து, அதைக் கணக்கில் மறைத்திருந்தார்கள். 2019 செப்டம்பரில் ரிசர்வ் பாங்கு தலையிட்டு, ஒருவர் தம் கணக்கிலிருந்து எடுக்கக்கூடியது 1,000 ரூபாய்தான் என்று முதலில் உத்தரவிட்டது. மருந்துக்கும் பள்ளிச் சம்பளத்துக்கும் வைத்திருந்த பணத்தை எடுக்க முடியாமல் மக்கள் வாசலில் நின்றார்கள். நம் பக்கத்திலும் 1986ல் மலேசியாவில் 24 வைப்புநிதிக் கூட்டுறவுச் சங்கங்கள் முடக்கப்பட்டதை மூத்த வியாபாரிகள் மறந்திருக்கமாட்டார்கள்.

ஆஸ்பத்திரித் துறையிலும் படிப்பினை உண்டு. கேரளத்தில் கூட்டுறவின் பெயரால் நடந்த இரண்டு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளை அரசே ஏற்கவேண்டி வந்தது. கொச்சியை அடுத்த களமசேரியிலிருந்ததை 2013லும், கண்ணூர் மாவட்டத்துப் பரியாரத்திலிருந்ததை 2018லும் ஏற்றது. பரியாரத்தின் மேல் பெருங்கடன் இருந்தது. சங்கத்தின் தோள் தாங்கும் பாரமும், தூக்க விரும்பும் பாரமும் ஒன்றல்ல.

பிறர் குற்றத்தைச் சொன்னவன் என் குற்றத்தையும் சொல்லவேண்டும். ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் நான் பதினொரு வருஷம் அங்கத்தினனாக இருந்தேன். வருஷந்தோறும் மகாசபைக்கு அழைப்பும், அச்சிட்ட கணக்குப் புத்தகமும் தபாலில் வரும். ஈவு எத்தனை சதவீதம் என்று மட்டும் பார்ப்பேன். பிறகு அதன் பின்பக்கத்து வெற்றுத்தாளில் கடைக் கொள்முதல் கணக்கைக் கிறுக்குவேன். ஒரு கூட்டத்துக்கும் போனதில்லை. கடையை யார் பார்ப்பது என்பது என் சாக்கு. பன்னிரண்டாம் வருஷம் ஈவு இல்லை என்று கடிதம் வந்தது. ஆத்திரத்தோடு முதன்முதலாகக் கூட்டத்துக்குப் போய், "எங்கள் பணம் எங்கே?" என்று எழுந்து கேட்டேன்.

மேடையிலிருந்த பெரியவர் கோபிக்கவில்லை. "தம்பி, வராக்கடன் என்று மூன்று வருஷமாக இந்த வரியை அச்சடித்து அனுப்பினோம். ஒவ்வொரு வருஷமும் தொகை ஏறியிருக்கிறது. ஒருவரும் வந்து கேட்கவில்லை. கேட்டிருந்தால் எங்களுக்கும் பயம் இருந்திருக்கும்" என்றார்.

வீட்டுக்கு வந்து பழைய புத்தகங்களைத் தேடி எடுத்தேன். அவர் சொன்ன வரி மூன்றிலும் இருந்தது. பின்பக்கத்தில் என் வெங்காயக் கணக்கும் இருந்தது. நிர்வாகஸ்தர்கள் தவறினார்கள் என்பது மெய். ஆனால் என் கடையில் ஒரு பையன் மூன்று நாள் கல்லாக் கணக்கைத் தப்பாக எழுதினால் கண்டுபிடிக்கும் நான், மூன்று வருஷம் என் சொத்தின் கணக்கைத் திறந்து பார்க்கவில்லை என்பதும் மெய்.

ஆஸ்பத்திரிக் கணக்கில் பார்க்கவேண்டியவை

ஊரில் குடும்பமும் சொத்தும் உள்ள நம் சகோதரர்கள் பலர். ஊரில் நாலு பேர் சேர்ந்து ஆஸ்பத்திரி ஆரம்பிக்கிறோம், பங்கு போடுங்கள் என்று நம்மிடம் வருவார்கள். கூட்டுறவு என்றதும் கண்ணை மூடிக் கொடுக்கவும் வேண்டாம். வீண் என்று விரட்டவும் வேண்டாம். கணக்குப் புத்தகத்தை வாங்கி, கீழ்க்கண்டவற்றைப் பாருங்கள். இவற்றுக்கு வைத்தியப் படிப்பு வேண்டியதில்லை. கடை நடத்திய அனுபவமே போதும்.

முதலாவது, கொள்முதல். மருந்தும் ஊசியும் நூலும் யாரிடம் வாங்குகிறார்கள்? விலைப்புள்ளி கேட்டு வாங்குகிறார்களா? விற்பவர் நிர்வாகக் குழுவில் எவருக்கேனும் உறவா? கடையைப் போலவே ஆஸ்பத்திரியிலும் ஓட்டை முதலில் விழுவது கொள்முதலில்தான்.

இரண்டாவது, வரவேண்டிய பாக்கி. காப்புறுதிக் கம்பெனியும் அரசுத் திட்டமும் கட்டவேண்டிய பணம் எத்தனை மாதமாக நிற்கிறது? லாபம் என்று எழுதியிருக்கும் தொகை கையில் இருக்கிறதா, காகிதத்தில் இருக்கிறதா?

மூன்றாவது, தேய்மானம். நம் தராசு முப்பது வருஷம் உழைக்கும். ஆஸ்பத்திரி இயந்திரம் அப்படியன்று, பழுதாகாவிட்டாலும் பழசாகிவிடும். மாற்றுவதற்கு வருஷந்தோறும் ஒதுக்காமல் ஈவு கொடுக்கும் சங்கம், விதை நெல்லைச் சமைத்து விருந்து வைக்கிறது.

நான்காவது, கடன். கட்டடம் கட்ட வாங்கிய கடனுக்கு வட்டியும் தவணையும், படுக்கைகள் பாதி காலியாக இருந்தாலும் கட்ட முடியுமா?

ஐந்தாவது, மகாசபைக்கு வந்தவர் எத்தனை பேர்? பத்தாயிரம் அங்கத்தினரில் நூறு பேரே வந்தால், அந்த ஆஸ்பத்திரிக்கு முதலாளி நூறு பேர்தான். பத்துப் பேர் வந்தால் பத்துப் பேர்தான். நான் வைக்கும் ஐந்து கேள்விகளில் இதுவே தலையானது.

முடிவுரை

தலைப்பில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். கூட்டுறவு ஆஸ்பத்திரிக்கு முதலாளி யார்? பங்குப் பத்திரத்தில் பெயர் உள்ளவர் அத்தனை பேரும் என்று சட்டம் சொல்கிறது. கணக்கைப் படித்து, கூட்டத்துக்கு வந்து, எழுந்து கேட்பவர் மட்டுமே என்று அனுபவம் சொல்கிறது. பங்கு போடுவது ஒரு நாள் வேலை. முதலாளியாக இருப்பது வருஷா வருஷம் செய்யவேண்டிய வேலை. சிசுருஷை என்ற சொல்லுக்குக் கேட்க விரும்புதல் என்பது மூலப் பொருள் என்றேன். டாக்டர் நோயாளியைக் கேட்கவேண்டும்; நிர்வாகஸ்தர் அங்கத்தினரைக் கேட்கவேண்டும்; அங்கத்தினர் கணக்கைக் கேட்கவேண்டும். கடைசியில் உள்ளவர் கேட்க மறந்தால், முன்னே உள்ள இருவரும் மெள்ள மறந்துவிடுகிறார்கள்.

இவ்வார ஓய்வு நாளில் ஒரு காரியம் செய்யுங்கள். நீங்கள் எந்தச் சங்கத்திலேனும் அங்கத்தினராக இருந்தால், சென்ற வருஷத்துக் கணக்குப் புத்தகத்தைத் தேடி எடுங்கள். முதல் பக்கத்திலிருந்து படியுங்கள். விளங்காத வரியின் கீழ் பென்சிலால் கோடு போடுங்கள். அடுத்த மகாசபைத் தேதியைக் கடைக் காலண்டரில் குறித்து, அன்று கல்லாவில் உட்கார மகனையோ தம்பியையோ இப்போதே ஏற்பாடு செய்துவிடுங்கள். நானும் குறித்து வைத்திருக்கிறேன்.